‘சமர்ப்பி’ என்று அழுத்திய பிறகு: இணையவழிக் கல்வி ஆய்வு பற்றிய வாசகர் கேள்விகள்

இணையவழிக் கல்வி குறித்தும் அதைப் பற்றிய ஆய்வு குறித்தும் சென்ற சில வாரங்களில் வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மதுரையில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து ஓராண்டு ஆகிறது. ‘உயர்கல்வியில் இணையவழிக் கற்றல்’ என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்படி நெறியாளர் சொல்கிறார். நூலகத்தில் நான் புரட்டிய ஆய்வேடுகள் பெரும்பாலும் சில நூறு மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, அட்டவணை போட்டு, பரிந்துரைகளோடு முடிந்துவிடுகின்றன. நானும் அதையேதான் செய்ய வேண்டுமா ஐயா?
— ஆய்வு மாணவி ஒருவர், திருமங்கலம்

பதில்: செய்ய வேண்டியதில்லை அம்மா. ஆனால் அந்த வினாப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு அதை விடுவதே நல்லது. 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு மென்பொருளை மக்கள் ஏற்பதும் மறுப்பதும் எதனால் என்று கேட்டு, அது பயன்தரும் என்ற எண்ணமும் அது எளிதானது என்ற எண்ணமுமே முக்கியம் என்று வாதிட்டு, அவ்விரண்டையும் அளக்கும் கேள்விகளை உருவாக்கினார். 152 பயனாளர்களிடமும் நான்கு மென்பொருள்களிலும் அவர் அவற்றைச் சோதித்தார். ‘இந்த மென்பொருள் என் வேலையில் என் திறனைக் கூட்டும்’ என்ற வகையில் அமைந்த அவை, வேலை செய்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘படிப்பு’ என்று போட்டால் அதே கேள்வி கல்லூரிக்கும் பொருந்திவிடும் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர், தம் வகுப்பு மாணவர்களிடமே தாளைக் கொடுத்து, ‘இணையவழிப் பாடம் எனக்குப் பயனளித்தது’ என்ற வரிக்கு எதிரே கட்டத்தை நிரப்பச் சொன்னால், ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்று நிரப்பும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கும்? பிறகு அந்தத் தாள்களுக்குக் குரோன்பாக் ஆல்ஃபா கணக்கிட்டு, 0.9 வந்துவிட்டது என்று ஆய்வேட்டில் பெருமையோடு எழுதுகிறோம். லீ குரோன்பாக் 1951-இல் விளக்கிய அந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லுமே ஒழிய, விடைகள் உண்மையா என்பதைச் சொல்லாது. ஒரே கேள்வியை ஐந்து விதமாக மாற்றிக் கேட்டாலும் அந்த எண் உயரத்தான் செய்யும்.

உங்கள் துறை கணினி அறிவியல். ஒன்றை உருவாக்கிக் காட்டுவதும் ஆய்வுதான் என்பதற்கு, ஆலன் ஹெவ்னரும் அவருடன் மூவரும் 2004-இல் எழுதிய ‘வடிவமைப்பு அறிவியல்’ கட்டுரையைக் காட்டினால் உங்கள் நெறியாளர் மறுக்க மாட்டார். ஆனால் அவர்கள் போட்ட நிபந்தனை கடுமையானது: உருவாக்கியதை முறைப்படி மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். ‘ஓர் இணையதளம் செய்தேன், மாணவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்’ என்பது மதிப்பீடு ஆகாது. அந்த அமைப்பு எதை எந்நாளும் செய்யக் கூடாது, எதைச் செய்தே தீர வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமில்லாத கணித மொழியில் முதலில் எழுதுங்கள். வடிவமைப்பு அதற்கு உட்பட்டு நிற்கிறதா என்று சரிபாருங்கள். மாணவர் அதனால் கற்றாரா என்பதைத் தனிக் கேள்வியாக, தனி அத்தியாயத்தில், தனிச் சான்றுகளோடு ஆராயுங்கள். முதலாவதற்குக் கணிதம் பதில் சொல்லும், இரண்டாவதற்கு வகுப்பறைதான் பதில் சொல்ல வேண்டும். நான் வாய்மொழித் தேர்வுகளில் உட்கார்ந்து பார்த்தவரை, ஆய்வாளர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான். முதல் வகை எப்படி இருக்கும் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சென்ற பருவத்தில் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்றை இணையவழியில் நடத்தினோம். நேரம் முடியும் தறுவாயில் ‘சமர்ப்பி’ என்று அழுத்திய சிலருக்குச் ‘சமர்ப்பிக்கவில்லை’ என்று பதிவாகிவிட்டது. மாணவர்கள் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். மென்பொருள் கொடுத்தவர்கள் ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். இதை வடிவமைப்பிலேயே தடுத்திருக்க முடியாதா?
— விரிவுரையாளர், உசிலம்பட்டி

பதில்: முடியும். ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்பது, மழை பெய்ததால்தான் கூரை ஒழுகியது என்று கொத்தனார் சொல்வதைப் போன்றது. தொடர்பு அறுபடும் என்பது தெரிந்த செய்தி. தெரிந்ததற்கு ஏற்பக் கட்டுவதே வடிவமைப்பு.

உங்கள் கல்லூரியில் என்ன நடந்திருக்கும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், இவ்வகை அமைப்புகளில் வழக்கமாக நிகழக்கூடிய ஒரு வரிசையைக் காட்டுகிறேன். தேர்வு 11 மணிக்கு முடிகிறது. மாணவி 10.59-க்கு அழுத்துகிறாள். விடைத்தாள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகிறது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சர்வர் அனுப்பும் செய்தி திரும்பி வரும் வழியில் தொலைகிறது. பதில் வராததால் கைபேசி சிறிது நேரம் காத்திருந்து, 11 மணி கடந்து ஐந்து விநாடியில் மறுபடி அனுப்புகிறது. நேரம் முடிந்துவிட்டதால் சர்வர் அதை மறுத்து, அந்த மாணவியின் பெயருக்கு எதிரே ‘சமர்ப்பிக்கவில்லை’ என்று எழுதுகிறது. முன்னால் இருந்த பதிவு அதன் அடியில் புதைந்துபோகிறது. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு, நேரம் கடந்தால் ஏற்காதே, கடைசியாக நடந்ததை நிலையாக எழுது என்ற மூன்று விதிகளும் தனித்தனியே நியாயமானவை. மூன்றும் சேரும்போதுதான் ஒரு மாணவியின் தேர்வு காணாமல் போகிறது. ஒவ்வொரு விதியையும் எழுதியவர் தம் விதியை மட்டும் சோதித்துப் பார்த்திருப்பார், அதில் பிழை இருந்திருக்காது.

விதிகளைக் கணித மொழியில் எழுதிச் சரிபார்க்கும் முறைசார் வடிவமைப்பில் இதை வேறு விதமாக அணுகுவார்கள். மாணவர் இருக்கக்கூடிய நிலைகளை முதலில் எழுதிக்கொள்வார்கள்: தொடங்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறார், அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார், ஏற்கப்பட்டது, மூடப்பட்டது என ஐந்து என்று வைத்துக்கொள்வோம். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, எந்த நிகழ்வால் மாறலாம் என்பது அடுத்தது. ‘செய்தி தொலைந்தது’ என்பதையும் ஒரு நிகழ்வாகவே எழுத வேண்டும். பிறகு இரண்டு வகை விதிகள் வரும். முதல் வகை, ஒருநாளும் நடக்கக் கூடாதவை: ஒருமுறை ஏற்கப்பட்ட விடைத்தாள் பின்னர் எந்த நிகழ்வாலும் ஏற்கப்படாததாக மாறக் கூடாது. இரண்டாம் வகை, என்றாவது நடந்தே தீர வேண்டியவை: அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஏற்பு, மறுப்பு என்ற இரண்டில் ஒன்று வந்து சேர வேண்டும். இந்தப் பாகுபாட்டை 1977-இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் எழுத்தில் கொண்டுவந்தார். ஆனால் கண்மாய்ப் பாசனம் நடந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில், ஒருவர் முறையில் இன்னொருவர் மடையைத் திறக்கக் கூடாது என்பது முதல் வகை. கடைமடைக்கும் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்பது இரண்டாம் வகை. எல்லா மடைகளையும் அடைத்தே வைத்திருந்தால் முதல் விதி மீறப்படாது, ஆனால் பயிர் கருகிவிடும். எவர் விடைத்தாளையும் ஏற்காத சர்வரும் அப்படித்தான்: எந்தப் பதிவையும் அது அழிப்பதில்லை.

இவ்வளவும் எழுதியபின் சரிபார்ப்பது எப்படி? நிகழ்வுகள் எந்தெந்த வரிசையில் நடக்கக்கூடுமோ அத்தனையையும் ஒன்று விடாமல் நடந்து பார்த்து, விதி எங்கே உடைகிறதோ அந்த வரிசையை அப்படியே எடுத்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ‘மாடல் செக்கிங்’ எனப்படும் இந்த முறைக்காக எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசஃப் சிஃபாக்கிஸ் ஆகிய மூவருக்கும் கணினி அறிவியலின் உயர்ந்த விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. இதன் இடையூறு, எண்ணிக்கை பெருகும் வேகம். ஒருவருக்கு ஐந்து நிலைகள் என்றால் மூன்று மாணவர்களுக்கு 125 சேர்க்கைகள். பத்துப் பேருக்கு 97,65,625. வழியில் மிதக்கும் செய்திகளையும் கடிகாரத்தையும் சேர்த்தால் இன்னும் பல மடங்கு. இதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் டேனியல் ஜாக்சன் சொல்லும் ஆறுதல், பெரும்பாலான வடிவமைப்புப் பிழைகள் மிகச் சிறிய உதாரணத்திலேயே வெளிப்பட்டுவிடும் என்பது. மேலே நான் காட்டிய பிழைக்கு ஒரு மாணவியும் தொலைந்த ஒரு செய்தியும் ஒரு கடிகாரமும் போதுமாக இருப்பதைக் கவனியுங்கள்.

சரிசெய்வது கடினமன்று. ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் கைபேசியே ஒரு தனி எண்ணை இட்டு அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக முடிவெடுக்காமல் முன்பு கொடுத்த பதிலையே திருப்பித் தர வேண்டும். பதிவுத் தபால் இருந்த காலத்தில் அதன் ஒப்புகை அட்டை தொலைந்தால், தபால் நிலையத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்களே தவிர, தபாலையே அனுப்பவில்லை என்று எழுதிவிட மாட்டார்கள் அல்லவா. ஆனால் இந்தத் திருத்தத்தையும் விதிகளோடு ஓட்டிப் பார்த்தால் இன்னொரு கேள்வி எழும்: அதே எண்ணில், மாற்றிய விடைகளோடு ஒருவர் மறுபடி அனுப்பினால்? முதலில் வந்ததே செல்லும் என்று எழுத வேண்டும். இரண்டாம் விதியையும் திருத்த வேண்டியிருக்கும்; தொடர்பு ஒருபோதும் மீளாத மாணவருக்கு எந்தச் சர்வரும் பதில் சேர்க்க முடியாது என்பதால், ‘தொடர்பு மீளுமானால்’ என்ற நிபந்தனை அதில் ஏற வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி வரும். காலக்கெடு என்பது மாணவர் அழுத்திய நேரமா, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரமா? அழுத்திய நேரம் என்றால் கைபேசிக் கடிகாரத்தை நம்ப வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். வந்து சேர்ந்த நேரம் என்றால், நகரத்து விடுதியில் இருப்பவருக்கும் மலையடிவாரத்துக் கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் எழுதுபவருக்கும் தேர்வு நேரம் ஒன்றாக இருக்காது. இதற்குக் கணினியிடம் விடை இல்லை. கல்லூரியின் கல்விக் குழு கூடி முடிவெடுக்க வேண்டிய செய்தி இது. அந்த முடிவை யாரும் எடுக்காததால், எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதிய ஒருவர், தாம் எடுக்கிறோம் என்பதே தெரியாமல் உங்கள் சார்பாக எடுத்துவிட்டார். முறைசார் வரையறையின் பயனாக நான் கருதுவது பிழை கண்டுபிடிப்பதைவிட இதையே: நிறுவனம் முடிவு செய்யாமல் விட்டுவைத்தவற்றை அது மேசைமீது கொண்டுவந்து வைக்கிறது. அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது, ஒப்பந்தத்தில் இந்த நான்கைந்து விதிகளைத் தமிழிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வடிவமைப்பு சரியென்று நிறுவிவிட்டாலும் நிரலை எழுதும்போது பிழை புகலாம் என்பதால், கைபேசியில் பறப்பு நிலையைப் போட்டு எடுத்து ஒரு மாதிரித் தேர்வும் நடத்திப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் பட்டமேற்படிப்பை இணையவழியில் படிக்க விரும்புகிறாள். வகுப்பில் உட்கார்ந்து படிப்பதற்கு அது ஈடாகுமா? ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?
— தந்தை ஒருவர், மேலூர்

பதில்: ஐயா, இந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1983-இல் ரிச்சர்டு கிளார்க் என்ற கல்வியியலாளர், மளிகை ஏற்றிவரும் லாரி நம் உடலின் சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதது போல, பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும் கற்றலை மாற்றுவதில்லை, கற்பிக்கும் முறைதான் மாற்றுகிறது என்று எழுதினார். ஊடகம் தரும் வசதிகளையும் கற்பிக்கும் முறையையும் அப்படிப் பிரித்துவிட முடியாது என்று ராபர்ட் கோஸ்மா மறுத்தார். 2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வு, வகுப்பறையையும் இணையத்தையும் கலந்து கற்பித்த இடங்களில் மாணவர்கள் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள் என்று கண்டது. ஆனால் அப்படிக் கலந்து கற்றவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்ததால், பெருமையை இணையத்துக்கே கொடுத்துவிட வேண்டாம் என்று அதை எழுதியவர்களே எச்சரித்தார்கள். எவரும் சேரலாம் என்று திறந்துவிடப்பட்ட இணையவழிப் பாடங்களை முடிப்பவர்கள் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே பெயர் கொடுப்பவர் எல்லாரும் பட்டம் வேண்டிச் சேர்ந்தவர்கள் அல்லர்.

நம் பக்கத்தில் வீட்டிலிருந்து படிப்பது புதிதன்று. மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியில் அனுப்பிய பாடக்கட்டுகளைப் படித்து, விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்புக்குப் பேருந்து ஏறி வந்து பட்டம் பெற்ற எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் நான் அறிவேன். 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சியில் நாடு தழுவிய வகுப்பறை என்று பாடம் ஒளிபரப்பியது. மதுரைப் பல்கலைநகரில் உள்ள பல்லூடக ஆய்வு மையம் இன்றும் காணொளிப் பாடங்களைத் தயாரிக்கிறது. அஞ்சல்வழியில் தேறியவர்களைத் தேற வைத்தது, ஐயம் கேட்டால் பதில் எழுதிய ஓர் ஆசிரியரோ, கூடிப் படித்த நான்கு நண்பர்களோதான். எனவே மகள் சேர விரும்பும் படிப்பில் காணொளி எத்தனை மணி நேரம் என்று கேட்காமல், அவள் எழுதிக் கொடுக்கும் பயிற்சியை யார் படிப்பார், எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். அந்தப் படிப்பை இணையவழியில் நடத்த மானியக் குழுவின் அனுமதி உள்ளதா என்பதையும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் பாடங்களில் பெறும் மதிப்பலகுகள் (கிரெடிட்) கல்லூரியில் செல்லுமா?
— இளங்கலை மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: செல்லும். 2016-இன் விதிப்படி ஒரு பருவப் பாடங்களில் 20 விழுக்காடு வரை என்று இருந்ததை, மானியக் குழு 2021-இல் 40 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை உங்கள் கல்லூரிதான் ஏற்க வேண்டும். சேர்ந்து படித்துவிட்டுப் பிறகு போய்க் கேட்காதீர்கள்.

கேள்வி: தமிழ்த் துறையில் பணியாற்றுகிறேன். இணையவழித் தேர்வில் ஒரு சொல் விடைகளைக் கணினியே திருத்துகிறது. ‘தொல்காப்பியம்’ என்று மிகச் சரியாக எழுதிய சிலருக்கும் பூஜ்யம் போடுகிறது. கண்ணுக்கு இரண்டு விடைகளும் ஒன்றாகவே தெரிகின்றன. இது என்ன மாயம்?
— பேராசிரியை, மதுரை

பதில்: மாயம் ஒன்றும் இல்லை அம்மா, ‘தொ’ என்ற எழுத்தில் இருக்கிறது வினை. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘தொல்காப்பியம்’ நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கு முதல் முறையில் 13 குறியீடுகள், இரண்டாம் முறையில் 14. பதின்மூன்றும் பதினான்கும் சமமில்லை என்று அது பூஜ்யம் போட்டுவிடுகிறது. எந்த வடிவம் கிடைக்கும் என்பது மாணவர் பயன்படுத்தும் விசைப்பலகையைப் பொறுத்தது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். ஒப்பிடும் முன் இரு விடைகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறித் தரத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மென்பொருளை எழுதியவர் அதைச் செய்யவில்லை. நிரலில் ஓரிரு வரிதான். இன்னும் ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தொகுப்பை யாராவது அப்படியே ஏற்றியிருந்தால் அது வேறு குழப்பம், அதை முழுவதுமாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

திருமங்கலத்து ஆய்வு மாணவி இந்தக் கேள்வியையும் கவனிப்பது நல்லது. ‘இரண்டு விடைகள் எப்போது சமம்?’ என்பது ஒரு முறைசார் வரையறைக் கேள்வி. சந்தி விட்டெழுதியதும் சேர்த்தெழுதியதும் சமமா, ‘திருக்குறள்’ என்பதும் ‘குறள்’ என்பதும் சமமா என்று தமிழ்த் துறையோடு உட்கார்ந்து வகுத்தால் ஓர் அத்தியாயத்துக்கு வேண்டியது அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: ஆய்வேட்டில் மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யூ.எம்.எல். படங்கள் வரைந்திருக்கிறேன். அதுவே முறைசார் வடிவமைப்பு ஆகாதா? ஆகாதென்றால் எதைக் கற்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும்?
— ஆய்வு மாணவர், வாடிப்பட்டி

பதில்: படம் என்பதால் குறை இல்லை. கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடித்தளமிட்ட பெட்ரி வலைகளும் இன்று வட்டமும் கோடுமாகத்தான் வரையப்படுகின்றன. ஆனால் அந்தப் படத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் கணிதப் பொருள் உண்டு. உங்கள் படத்தை இருவர் இருவிதமாகப் படிக்க முடியுமானால், அது பேசிக்கொள்ள உதவும் படமே தவிர வரையறை ஆகாது. டேனியல் ஜாக்சனின் அலாய், லாம்போர்ட்டின் டி.எல்.ஏ. பிளஸ், ஜெரார்டு ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் ஆகிய, வடிவமைப்பை எழுதிச் சரிபார்க்கும் மூன்று கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவுகளுக்கிடையே உள்ள உறவுகள் உங்களுக்கு முக்கியம் என்றால் அலாய். நிகழ்வுகளின் வரிசை முக்கியம் என்றால் மற்ற இரண்டில் ஒன்று. அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2011 முதல் டி.எல்.ஏ. பிளஸ்ஸைப் பயன்படுத்தியதைப் பற்றி 2015-இல் எழுதியபோது, புதிதாகக் கற்பவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் பயன் காணத் தொடங்கினார்கள் என்று குறிப்பிட்டார்கள். வகுப்பும் பணியும் இருக்கும் உங்களுக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயிற்சிக்கு முழுக் கற்றல் மேலாண்மை அமைப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் துறை நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, ஒரே படி ஒரே நேரத்தில் இருவர் பெயரில் இருக்கக் கூடாது என்ற ஒற்றை விதியோடு தொடங்குங்கள். புத்தகத்தைத் தொலைத்தவர் அபராதம் கட்டியபின் அந்தப் படி எந்த நிலையில் இருக்கிறது என்ற இடத்தில் எப்படியும் ஒருநாள் நின்றுவிடுவீர்கள்; அப்போது நூலகரைப் போய்ப் பாருங்கள்.